ஸ்மால் செல் நுரையீரல் புற்றுநோய்: பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து

ரிப்போர்ட்டில் 'ஸ்மால் செல் கார்சினோமா' என்று இருந்தால் அன்றிலிருந்தே நாட்களை எண்ணத் தொடங்குங்கள். நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் 100-க்கு ஏறக்குறைய 15 பேருக்கு இந்த வகை. அநேகமாக எல்லோருமே பல வருடங்கள் பீடியோ சிகரெட்டோ பிடித்தவர்கள். கட்டி மிக வேகமாக வளரும், சீக்கிரமே பரவும். பரவிய நிலையில் சிகிச்சையே எடுக்காவிட்டால் பெரும்பாலோர் இரண்டு முதல் நான்கு மாதத்தைத் தாண்டுவதில்லை. அதே கட்டி கீமோ ஏறிய இரண்டு வாரத்தில் பாதியாகச் சுருங்குவதும் சாதாரணம். வேகமாகப் பெருகும் செல் என்பதால்தான் மருந்துக்கும் அவ்வளவு வேகமாகச் சாகிறது. அதனால் இந்த நோயில் நாம் இழக்கக்கூடாத முதல் பொருள் நாட்கள்தான்.

நாட்கள் எங்கே போகின்றன? பெரும்பாலும் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே. இருமல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் நிழல் என்றதும் சளியில் கிருமி தெரியாமலேயே காசநோய் மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் பார்ப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. புகைப்பழக்கம் உள்ள 50 வயதுக்காரருக்குச் சளியில் டி.பி. கிருமி இல்லை என்று வந்தால், மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ரிப்போர்ட் வந்த பிறகும் நாட்கள் போகும். ஜீன் டெஸ்ட் முடிவுக்காக மூன்று வாரம் காத்திருப்பது ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் நுரையீரல் கேன்சருக்குத் தினமும் ஒரு மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார் என்றால், அவருடையது வேறு வகை. ஜீன் டெஸ்ட் பார்த்துக் கொடுக்கும் அந்த மாத்திரை ஸ்மால் செல்லுக்கு இல்லை. புகைக்கவே புகைக்காதவருக்கு இந்த ரிப்போர்ட் வந்தால் மட்டும் ஜீன் டெஸ்ட்டுக்கு அர்த்தம் உண்டு, ஸ்லைடை இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டுவதற்கும்தான்.

ரிப்போர்ட்டில் நீங்களே பார்க்கக்கூடியவை சில. செல்லின் வகையைக் காட்டும் அடையாளப் புரதங்களான சினாப்டோபைசின், குரோமோகிரானின், சி.டி.56 ஆகியவற்றில் ஒன்றாவது 'பாசிட்டிவ்' என்று இருக்கும். செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைக் காட்டும் கேஐ-67 என்ற எண் பொதுவாக 50 சதவீதத்துக்கு மேல், பலருக்கு 80-க்கும் மேல் இருக்கும். கேஐ-67 வெறும் 5 அல்லது 10 என்று போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். சின்னத் துணுக்கு எடுக்கும்போது செல்கள் நசுங்கிவிட்டால், மெதுவாக வளரும் கார்சினாய்டு கட்டியும் ஸ்மால் செல் போலத் தெரியும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

முதல் வாரம்: ஸ்டேஜ்

இந்த நோயில் அன்றாடப் பேச்சில் இரண்டே ஸ்டேஜ்தான். மார்பின் ஒரு பக்கத்தில் அடங்கி, ஒரே ரேடியேஷன் வட்டத்துக்குள் வரக்கூடியது 'லிமிடெட்'. அதைத் தாண்டியது 'எக்ஸ்டென்சிவ்'. நுரையீரலைச் சுற்றிக் கேன்சர் நீர் கோத்திருந்தாலும் எக்ஸ்டென்சிவ்தான். நோய் கண்டுபிடிக்கப்படும்போது மூன்றில் இரண்டு பேர் எக்ஸ்டென்சிவ் நிலையில் இருக்கிறார்கள். லிமிடெட் என்றால் குணமாக்கும் நோக்கத்தோடு சிகிச்சை. எக்ஸ்டென்சிவ் என்றால் ஆயுளையும் நல்ல நாட்களையும் நீட்டிக்கும் நோக்கம். இந்த ஒரு வார்த்தையில் எல்லாமே மாறிவிடுவதால் ஸ்டேஜ் தவறாகக் கூடாது.

தேவைப்படும் சோதனைகள்: மருந்து ஏற்றி எடுக்கும் மார்பு, வயிறு சி.டி. அல்லது பெட்-சிடி (உடம்பில் கேன்சர் பரவிய இடங்களைக் காட்டும் ஸ்கேன்), மருந்து ஏற்றி எடுக்கும் மூளை எம்.ஆர்.ஐ.; ரத்த எண்ணிக்கை, கிரியாட்டினின், ஈரல் சோதனை, எல்.டி.எச். (நோயின் பளுவைக் காட்டும் ரத்தச் சோதனை), சோடியம். தலைவலி இல்லை என்பதற்காக எம்.ஆர்.ஐ.யைத் தள்ளாதீர்கள். எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே மூளைக்குப் போயிருப்பது இந்த நோயில் சகஜம். பெட்-சிடியில் மூளை சரியாகத் தெரியாது, எனவே அது எம்.ஆர்.ஐ.க்கு ஈடாகாது. மறுபக்கம், உடம்பெல்லாம் பரவியது சி.டி.யிலேயே தெளிவாகத் தெரிந்தால் பெட்-சிடிக்குத் தேதி கிடைக்கவில்லை என்று பத்து நாள் காத்திருக்க வேண்டியதில்லை. கீமோவைத் தொடங்கிவிடலாம்.

கட்டி மிகச் சிறியதாக, நிணநீர்க் கணு எதுவும் பாதிக்கப்படாமல் இருப்பவர் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. அவர்களுக்கு மட்டும் அறுவை சிகிச்சை, பிறகு நான்கு சைக்கிள் கீமோ. மற்றவர்களுக்கு ஆபரேஷன் கிடையாது. "ஆபரேஷன் பண்ண மாட்டேன் என்கிறார்கள், கைவிட்டுவிட்டார்களோ" என்று கலங்க வேண்டாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், முன் அனுமதி விண்ணப்பத்தை ஸ்டேஜ் சோதனைகள் நடக்கும் அதே வாரத்தில் போட்டுவிடுங்கள். லிமிடெட் என்றால் கீமோவும் ரேடியேஷனும் ஒரே வளாகத்தில் கிடைக்கும் இடம் வேண்டும். அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு மருத்துவமனை ஆகியவை அப்படிப்பட்டவை. கீமோ ஒரு ஊரில், ரேடியேஷன் இன்னொரு ஊரில் என்றால் நடுவில் நாட்கள் கசியும்.

மூன்று அவசரங்கள்

முகமும் கழுத்தும் வீங்கி, காலையில் அதிகமாக, நெஞ்சில் நரம்புகள் புடைத்துத் தெரிந்தால் இதயத்துக்கு வரும் பெரிய சிரையைக் கட்டி அழுத்துகிறது என்று பொருள். தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்து அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கையில் ஊசி லைன் போடுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

திடீரென்று குழப்பமாகப் பேசுவது, எப்போதும் தூக்கம், வாந்தி. மூளைக்குப் பரவிவிட்டது என்று வீட்டில் அழத் தொடங்குவார்கள். ஆனால் இது சோடியம் குறைந்ததாலும் இருக்கலாம். இந்தக் கட்டி ஒரு ஹார்மோனைச் சுரந்து உடம்பில் தண்ணீரைத் தேக்கிவிடும்; ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும். சோடியம் 135-க்குக் கீழ் என்றால் குறைவு, 120-ஐ நெருங்கினால் வலிப்பு வரும் ஆபத்து. இந்த நேரத்தில் வீட்டார் அன்போடு செய்வதே கேடாகிவிடுகிறது: களைப்பாக இருக்கிறாரே என்று தண்ணீரும் இளநீரும் மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் மிகக் குறைவு. டாக்டர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்று சொன்னால் மோர், கஞ்சி, காபி, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். எது குடித்தாலும் அதே அளவை அதிலிருந்து கொட்டிவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. கட்டி சுருங்கியதும் சோடியம் தானாகவே ஏறும்.

மூன்றாவது, தொடை பலவீனம். படி ஏற முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை, வாய் வறட்சி. இது லாம்பெர்ட்-ஈட்டன் என்ற நரம்புப் பிரச்சினையாக இருக்கலாம். இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கேன்சருக்கு எதிராகத் தூண்டும் மருந்து) தொடங்குமுன் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மருந்து இதை மோசமாக்கக்கூடும்.

கீமோ நாள்

அடித்தள மருந்துகள் 1980-களிலிருந்து அதே ஜோடிதான்: ஒரு பிளாட்டினம் மருந்தும் எட்டோபோசைடும். 21 நாளுக்கு ஒரு சைக்கிள், மொத்தம் நான்கு. சில இடங்களில் ஆறு வரை கொடுப்பார்கள். வழக்கமான அளவு, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு சிஸ்பிளாட்டின் முதல் நாள் 75 மி.கி., எட்டோபோசைட் மூன்று நாளும் 100 மி.கி. 165 செ.மீ. உயரம், 60 கிலோ எடை என்றால் பரப்பு 1.66 சதுர மீட்டர். அவருக்கு சிஸ்பிளாட்டின் சுமார் 124 மி.கி., எட்டோபோசைட் தினம் சுமார் 166 மி.கி. ஒவ்வொரு சைக்கிளுக்கும் எடையைப் புதிதாகப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் ஆறு கிலோ இறங்கியவருக்குப் பழைய அளவு அதிகமாகிவிடும்.

கிட்னி சரியில்லாதவர், காது கேட்பது குறைந்தவர், இதயம் பலவீனமானவர், வயதானவர் ஆகியோருக்கு சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின். எக்ஸ்டென்சிவ் நிலையில் பெரும்பாலும் இதுதான். இதன் அளவு பரப்பை வைத்து அல்ல, கிட்னியின் வேலைத்திறனை வைத்து: டாக்டர் தீர்மானிக்கும் இலக்கு எண் 5, கிட்னித் திறன் 60 என்றால், 60-உடன் 25 கூட்டி 5-ஆல் பெருக்கினால் 425 மி.கி.

சிஸ்பிளாட்டின் நாளில் கிட்னியைக் காப்பாற்றுவதுதான் முக்கிய வேலை. மருந்துக்கு முன்னும் பின்னும் பொட்டாசியம், மெக்னீசியம் கலந்த சலைன் ஏறும், மொத்தம் சுமார் இரண்டு லிட்டர். சிறுநீரை அளந்து குறித்து வையுங்கள். போகாவிட்டால் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். வலிக்கு டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்; வேறு டாக்டர் ஜென்டாமைசின், அமிகாசின் ஊசி எழுதினால் "சிஸ்பிளாட்டின் எடுக்கிறார்" என்று சொல்லுங்கள். இவை அதே கிட்னியைத் தாக்குபவை. நாட்டு மருந்துச் சூரணம், கஷாயம் எதுவானாலும் கீமோ மாதங்களில் ஆன்காலஜிஸ்ட்டிடம் காட்டாமல் வேண்டாம். சோடியம் குறைந்தவருக்கு இவ்வளவு சலைன் ஏற்றுவது சிக்கல், அதனாலேயே டாக்டர் கார்போபிளாட்டினுக்கு மாற்றக்கூடும்.

எட்டோபோசைட் 30 முதல் 60 நிமிடம் வரை மெதுவாக ஏற வேண்டும். வேகமாக விட்டால் பி.பி. சரிந்து மயக்கம் வரும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொட்டை வேகப்படுத்தச் சொல்லாதீர்கள். இரண்டாம், மூன்றாம் நாளுக்கு வராமல் விட்டுவிடுவது நாங்கள் அடிக்கடி காணும் தவறு. முதல் நாள் "பெரிய மருந்து" போட்டாகிவிட்டது என்று ஊருக்குப் போய்விடுகிறார்கள். எட்டோபோசைட் தொடர்ந்து மூன்று நாள் ஏறினால்தான் வேலை செய்யும்.

வெள்ளணுக்கள் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை மிகவும் குறையும். வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரி காட்டினால் நள்ளிரவானாலும் மருத்துவமனை. பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்க்கலாம் என்று விட்டால், காய்ச்சல் இறங்கியது போலத் தெரியும். கிருமி ரத்தத்தில் பரவிக்கொண்டே இருக்கும். இந்த நோயில் கீமோவால் நேரும் சாவுகளில் பல இப்படித்தான் நேர்கின்றன. அடுத்த சைக்கிளுக்கு வழக்கமாக நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் 1,500, தட்டணுக்கள் 1,00,000 தேவை. அதற்குக் கீழே இருந்தால் ஒரு வாரம் தள்ளுவார்கள். தள்ளுவது மருத்துவர் முடிவாக இருக்கட்டும்; கல்யாணத்துக்காகவும் திருவிழாவுக்காகவும் வேண்டாம்.

எழுந்து நடக்க முடியாமல் இருப்பவருக்குக் கீமோ தாங்குமா? பலவீனத்துக்குக் காரணம் இந்தக் கட்டியே என்றால், மற்ற கேன்சர்களில் போல அது தடை அல்ல. ஸ்ட்ரெச்சரில் வந்தவர் இரண்டாவது சைக்கிளுக்கு நடந்து வருவதும் உண்டு. முதுமையாலோ வேறு நோயாலோ வந்த பலவீனம் என்றால் கணக்கு வேறு.

லிமிடெட்: ரேடியேஷனைத் தள்ளாதீர்கள்

கீமோவின் முதல் அல்லது இரண்டாவது சைக்கிளோடு மார்பு ரேடியேஷன் சேர வேண்டும். முதல் மருந்து ஏறிய நாளிலிருந்து ரேடியேஷன் முடியும் நாள் வரை எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 30 நாளுக்குள் முடிப்பது சிறந்த இலக்கு. நான்கு கீமோவையும் முடித்துவிட்டு ரேடியேஷனுக்கு வருவது, உடல்நிலை வேறு வழி விடாதபோது மட்டும்.

அளவு இரண்டு விதம். ஒன்று, தினம் இரண்டு வேளை, மூன்று வாரம், 30 தடவையில் 45 கிரே (கதிரை அளக்கும் அலகு). 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அதே 45 கிரேயைத் தினம் ஒரு வேளையாக ஐந்து வாரம் கொடுத்தபோது ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதம், இரண்டு வேளையாக மூன்று வாரத்தில் கொடுத்தபோது 26 சதவீதம். மருந்து ஒன்றே, கதிரின் அளவும் ஒன்றே, மாறியது வேகம் மட்டும். இன்னொன்று, தினம் ஒரு வேளை, 33 தடவையில் 66 கிரே. 2017-இல் வெளியான கன்வர்ட் ஆய்வில் இது இரண்டு வேளை முறையைவிட மேலானது என்று நிரூபணமாகவில்லை, பெரிய வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டு வேளை முறையில் நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும், அப்போதுதான் நல்ல திசு தேறும். காலை 8 மணிக்கும் மாலை 3 மணிக்கும் என்றால் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்குவதே நடக்கும் காரியம். மூன்று வாரத்துக்கு முடியாதவர் ஒரு வேளை முறையைக் கேளுங்கள். பாதியில் விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாவது வாரக் கடைசியில் விழுங்கும்போது நெஞ்செரியும், வலிக்கும். உணவுக்குழாய் வெந்துபோவதால் வருவது. முடிந்து சில வாரத்தில் ஆறிவிடும். குழைந்த தயிர் சாதம், ஆறிய கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், முட்டை அடித்த பால் ஆகியவை போகும். புளிக்குழம்பு, மிளகு ரசம், சூடான காபி, முறுக்கு வேண்டாம். சாப்பிடக் கால்மணி முன்பு மரத்துப்போகும் ஜெல் கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் மூக்குக் குழாய்க்கு மறுக்காதீர்கள்.

சிகிச்சை நடக்கும்போது புகைப்பவர்களை ஒரு கனடா ஆய்வு பிரித்துப் பார்த்தது: தொடர்ந்து புகைத்தவர்களில் ஐந்து வருடம் இருந்தவர்கள் 4 சதவீதம், நிறுத்தியவர்களில் 8.9 சதவீதம். "இனி நிறுத்தி என்ன" என்று கேட்பவருக்கு இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

கீமோ-ரேடியேஷன் முடிந்து நோய் வளராமல் இருப்பவர்களுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை டர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து 1,500 மி.கி., இரண்டு வருடம் வரை. 2024-இல் வெளியான அட்ரியாட்டிக் ஆய்வில் பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் 33.4 மாதத்திலிருந்து 55.9 மாதமாக உயர்ந்தது. பல பத்தாண்டுகளாக அசையாத நோயில் இது பெரிய மாற்றம். செலவு லட்சக்கணக்கில் போகும். மருந்து நிறுவனங்களின் நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

எக்ஸ்டென்சிவ்

கார்போபிளாட்டின், எட்டோபோசைட் நான்கு சைக்கிள், முதல் சைக்கிளிலிருந்தே கூடவே இம்யூனோதெரபியாக அட்டிசோலிசுமாப் 1,200 மி.கி. அல்லது டர்வாலுமாப் 1,500 மி.கி.; பிறகு அந்த மருந்து மட்டும் தொடரும். அட்டிசோலிசுமாப் ஆய்வில் பாதிப் பேர் இருந்த காலம் 10.3 மாதத்திலிருந்து 12.3 மாதம் ஆனது. இரண்டு மாதம்தானே என்று தோன்றும். ஆனால் டர்வாலுமாப் ஆய்வில் மூன்று வருடம் கழித்து இருந்தவர்கள் கீமோ மட்டும் பெற்றவர்களில் 5.8 சதவீதம், இம்யூனோதெரபியும் பெற்றவர்களில் 17.6 சதவீதம். லாபம் எல்லோருக்கும் சமமாக வருவதில்லை. சிலருக்கு நீண்ட காலம் வருகிறது, யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. வீட்டை விற்று இதை வாங்கலாமா என்று கேட்பவருக்கு இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பணம் இல்லாததால் கீமோ மட்டும் எடுப்பவர் சிகிச்சை இல்லாமல் இருப்பவர் அல்ல: பரவிய நிலையிலும் மூன்றில் இரண்டு பேருக்குக் கட்டி சுருங்குவது அந்தக் கீமோவால்தான்.

இம்யூனோதெரபி எடுப்பவருக்குப் புதிதாக மூச்சு வாங்கினால், ஒரு நாளைக்கு வழக்கத்தைவிட நான்கு தடவைக்கு மேல் பேதியானால், கண் மஞ்சளானால் உடனே தெரிவியுங்கள். பேதியை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரை போட்டு அடக்குவது குடல் அழற்சியை மறைத்துவிடும்.

மூளை

நல்ல பலன் கிடைத்தவர்களுக்கும் நோய் திரும்பி வரும் வழி பெரும்பாலும் மூளை. ரத்தத்திலிருந்து மூளைக்குக் கீமோ சரியாக நுழைவதில்லை. லிமிடெட்டில் நல்ல பலன் கிடைத்தால், கீமோ முடிந்த பிறகு, தடுப்பாகத் தலைக்கு 10 தடவையில் 25 கிரே கொடுப்பது வழக்கம். 1999-இல் வெளியான தொகுப்பாய்வில் இது மூன்று வருட உயிர்வாழ்வை 15.3 சதவீதத்திலிருந்து 20.7 சதவீதமாக உயர்த்தியது. ஆனால் அந்தக் காலத்தில் எம்.ஆர்.ஐ. வழக்கத்தில் இல்லை. எக்ஸ்டென்சிவ் நிலையில் 2017-இல் வெளியான ஜப்பான் ஆய்வு, தலைக்குக் கதிர் கொடுக்காமல் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணித்தவர்கள் குறைவாக வாழவில்லை என்று காட்டியது. கதிரின் விலை ஞாபக மறதி, மந்தம். 70 வயதைத் தாண்டியவர், ஏற்கெனவே மறதி உள்ளவர், பக்கவாதம் வந்தவர் ஆகியோருக்கு எம்.ஆர்.ஐ. கண்காணிப்பே மேல் என்பது எங்கள் எண்ணம். அப்படி முடிவெடுத்தால் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. தப்பாமல் எடுக்க வேண்டும். வர முடியாத தூரத்தில் இருப்பவர் அதையும் சொல்லி முடிவெடுங்கள்.

எண்களைப் படிக்கும் விதம்

'பாதிப் பேர் இருந்த காலம் 12 மாதம்' என்பதை வீட்டில் 'ஒரு வருடம்தான் கெடு' என்று படிக்கிறார்கள். நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் சரிபாதியில் விழும் காலம் அது. அதற்கு முன்னும் ஐம்பது பேர், பின்னும் ஐம்பது பேர். ஆய்வுகளில் சேர்க்கப்படுபவர்கள் நடமாட்டம் உள்ளவர்கள் என்பதால் வார்டில் பார்க்கும் எண்கள் அதைவிடக் குறையும். டாக்டரிடம் "எத்தனை நாள்" என்று கேட்பதைவிட, "எழுந்து நடமாட முடிகிறது, எல்.டி.எச். இவ்வளவு, ஈரலில் இருக்கிறதா இல்லையா, இவரைப் போன்றவர்களுக்கு எப்படிப் போகிறது" என்று கேளுங்கள். அதற்கு உபயோகமான பதில் கிடைக்கும்.

திரும்பி வந்தால்

கடைசிப் பிளாட்டினம் கீமோவிலிருந்து நோய் திரும்பிய நாள்வரை எண்ணுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் அதே ஜோடியை மறுபடி கொடுக்கலாம், பலருக்கு மீண்டும் கேட்கும். 90 நாளுக்குள் திரும்பினால் மருந்துக்கு மசியாத வகை. டோபோடிகான், லர்பினெக்டெடின் போன்றவை உண்டு, பலன் குறைவு. டார்லடமாப் என்ற புதிய மருந்து, கேன்சர் செல்லையும் நோயாளியின் டி-செல்லையும் (நோய் எதிர்ப்பு செல்) ஒன்றாகப் பிடித்து வைக்கும். 2025-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் பழைய கீமோ பெற்றவர்களில் பாதிப் பேர் இருந்த காலம் 8.3 மாதம், இதில் 13.6 மாதம். முதல் இரண்டு டோஸ்களில் காய்ச்சலும் பி.பி. சரிவும் வரக்கூடும் என்பதால் அப்போது மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

நாள் எண்ண வேண்டுமென்றால் ரிப்போர்ட்டுகள் கையில் இருக்க வேண்டும். ஒரே ஃபைலில் முதல் பயாப்சி, ஒவ்வொரு சைக்கிளின் தேதியும் அளவும், ரேடியேஷன் முடிவுக் குறிப்பு, எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் படங்கள். பயாப்சித் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கி வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

கூடவே தொடக்கத்திலிருந்தே வலி நிவாரணப் பிரிவில் பெயரைப் பதிந்து வையுங்கள். மூச்சுத்திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் சிரப் உண்மையாகவே உதவும். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது மூச்சை நிறுத்திவிடாது, ஆனால் மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் முதல் நாளே பேதி மருந்தும் சேர்த்து வாங்குங்கள். ஜன்னலைத் திறந்து, முதுகைச் சாய்த்து உட்கார வைத்து, சின்ன பேட்டரி விசிறியை மூக்குக்கும் கன்னத்துக்கும் நேராக ஓர் அடி தூரத்தில் பிடியுங்கள். சில நிமிடத்தில் மூச்சு வாங்குவது தணியும்.